பட்டன் துளையில் ஒரு சிவப்பு நூல்

அந்தம்மா முதன்முதலில் என்னிடம் பேசியது என் சட்டையைப் பற்றி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தபால் எழுதும் கிளார்க்காக நான் சேர்ந்து இரண்டாவது நாள். செக்கிங் மேசையைத் தாண்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். "ஏனுங் தம்பி, மூணாவது பட்டனை வேற நூல்ல தெச்சிருக்குதுங்களே" என்றார். கையில் இருந்த பனியனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. குனிந்து பார்த்தேன். மற்ற பட்டன்களெல்லாம் வெள்ளை நூல், மூன்றாவது மட்டும் லேசான பழுப்பு. என் மனைவி எப்போதோ தைத்தது. மூன்று வருஷமாக அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிற எனக்கே அது தெரியாது. அன்று முழுக்க ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதிலும் ஒரு பிழை கண்டுபிடிப்பார் என்ற பயம் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் போகவில்லை. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் செக்கிங்கம்மா. எதிரில் நின்றால் அக்கா. எனக்கு அப்போது முப்பத்தொன்று. அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். வேலம்பாளையத்திலிருந்து நடந்தே வருவார். வடக்கு ஜன்னலோரம் அவருடைய மேசை. தைத்து முடித்த பனியனுக்குள் இடது கையை விட்டு, விரல்களை விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே ஒரு சுற்று சுற்றுவார். பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பி இன்னொரு சுற்று. அவ்வளவுதான். ஊசி உடைந்து விழுந்த கோடு, எண்ணெய்க் கறை, அறுந்த கண்ணி, எதுவானாலும் அந்த இரண்டு சுற்றில் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் டைலர்கள் அவருடைய கண்ணுக்குப் பயந்ததைவிட அவருடைய கேள்விக்குத்தான் அதிகம் பயந்தார்கள். தைத்த பனியன் கட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்ததும் பிரிக்க மாட்டார். தைத்தவன் முகத்தைப் பார்த்து, "இதுல ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்பார். "ஆமாங்க்கா, அக்குள்ல ஒரு தையல் விட்டுப் போச்சுங்க" என்று அவனே சொல்லிவிட்டால் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவன் சரிசெய்து கொண்டுவந்தால் பிரித்தே பார்க்காமல் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார். "சொன்ன துணியை நான் மறுக்காப் பாக்கறதில்லீங்க" என்பார். இல்லை என்று சொல்லி, அதன் பிறகு ஏதாவது கிடைத்தால்தான் வினை. மேசை ஓரத்தில் சுற்றிவைத்திருக்கும் சிவப்பு நூலிலிருந்து ஒரு முழம் அறுத்து, பழுது இருக்கும் இடத்தில் முடிச்சுப் போட்டு, கட்டை நேராக முதலாளி அறைக்கு அனுப்பிவிடுவார். அந்த முடிச்சை அவரைத் தவிர யாரும் அவிழ்க்கக் கூடாது. முதலாளியே அவிழ்த்ததில்லை.

இது எனக்கு ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு டைலர் கல்கத்தாவில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன், மீசை வைத்தவன், யாருக்கும் தலைவணங்காதவன். அவன் இந்த மேசைக்கு முன்னால் நின்று, "இருக்குதுன்னு சொல்றதா, இல்லைன்னு சொல்றதா" என்று தெரியாமல் எச்சில் விழுங்குவதை நான் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எனக்கென்ன, நான் தைக்கிறவன் இல்லையே.

ஒருமுறை அவரே தவறவிட்டார். காய்ச்சலோடு வேலைக்கு வந்த நாளில் கழுத்துப்பட்டியில் ஓட்டையுள்ள ஒரு டஜன் பனியன் அவர் கையைத் தாண்டிக் கல்கத்தாவுக்குப் போய்விட்டது. அங்கிருந்து கடிதம் வந்தது. படித்துச் சொன்னது நான்தான். கேட்டதும் அவர் சிவப்பு நூலில் ஒரு முழம் அறுத்துத் தன் முந்தானை முனையில் முடிந்துகொண்டார். பார்சல் திரும்பி வந்து, அந்த டஜனைத் தன் கையாலேயே சரிசெய்து அனுப்புகிற வரைக்கும், மூன்று வாரம் அதோடேயே வந்து போனார். முதலாளி, "போதும் அவுத்துப் போடுங்கம்மா, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க" என்று சொல்லிப் பார்த்தார். "இருக்கறதைத்தானுங்க கட்டியிருக்கறேன்" என்று பதில் வந்தது.

வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்வார்கள். சோமனூரில் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கூறைப்புடவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருக்கிறார். இழை ஒன்று அறுந்திருந்தது. சபை நிறைய ஆட்கள் பார்க்க, இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் சிவப்பு நூலை எடுத்து அந்த இடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டார். சம்பந்தி வீட்டம்மா அபசகுனம் என்று அழ ஆரம்பித்துவிட்டாராம். "இருக்கறதை இருக்குதுன்னு சொன்னா எப்படிங்க அபசகுனமாகும்" என்று கேட்டிருக்கிறார். மணப்பெண் சிவப்பு முடிச்சோடுதான் மணையில் உட்கார்ந்தாள். அதன் பிறகு சொந்தபந்தத்தில் யாரும் அவரைப் புடவை எடுக்கக் கூப்பிட்டதில்லை.

அவர் புருஷன் சலவைப் பட்டறையில் இருந்தவர், ஒருநாள் பம்பாய்க்கு ரயிலேறிப் போனவர்தான். திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று பேக்கிங் பெண்கள் சீண்டுவார்கள். "உள்பக்கம் திருப்பிப் பாத்துட்டுத்தான் ஊட்டுக்குள்ள உடோணும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரித்து அங்கே நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் ரசித்துக்கொண்டு, மனைவியிடம் போய்க் கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. படம் எடுக்கும் வேலை வருகிறவரைக்கும் எனக்கு அவர்மேல் ஒரு பயமும் கிடையாது. அந்தப் பட்டன் விஷயம் தவிர.

எழுபதுகளின் தொடக்கம். வெளியூர் ஏஜெண்டுகளைக் கூட்டி ஒரு விருந்து வைப்பது, அதில் நம் கம்பெனியைப் பற்றிப் பத்து நிமிஷப் படம் ஒன்று காட்டுவது என்று முதலாளி முடிவு செய்தார். கோயமுத்தூரிலிருந்து ஒரு கேமராமேன் வந்தார். படத்துக்கு வசனம் எழுதுவது, வெளிச்சம் பாய்ச்ச ஜரிகைத்தாள் ஒட்டிய அட்டையைப் பிடிப்பது, ஆட்களை ஒழுங்குபடுத்துவது, எல்லாம் என் தலையில் விழுந்தது. தலையில் விழுந்தது என்று சொல்கிறேனே தவிர, எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சினிமாக்காரன் ஆகிவிட்ட நினைப்பு. இரண்டு வாரம் தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரிந்தேன்.

முதலாளிக்கு ஒரே ஒரு ஆசை. காலண்டர் மெஷினிலிருந்து துணி வருகிற அழகு படத்தில் வந்தே ஆக வேண்டும். சலவை முடிந்து கசங்கி வருகிற துணி, நீராவியில் சூடேறிய இரண்டு உருளைகளுக்கு நடுவில் நுழைந்து தகடு மாதிரி வெளியே வரும் மெஷின் அது. துணியைக் கொடுக்கிற இடத்தில் ஆள் கை உள்ளே போய்விடாதபடி ஒரு கம்பி வலை மாட்டியிருந்தது. சனிக்கிழமை கேமரா வழியாகப் பார்த்தபோது அந்த வலை குறுக்கே நின்று பளபளப்பை மறைத்தது. மறுநாள் ஞாயிறு, கம்பெனி விடுமுறை. நானும் கேமராமேனும் மட்டும் போனோம். ஃபிட்டரின் ஸ்பானரை எடுத்து, துருப்பிடித்த நாலு போல்ட்டையும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிக் கழற்றினேன். வலையைச் சுவரில் சாய்த்தேன். மோட்டாரைப் போட்டேன். துணி வந்த அழகைப் பார்த்துக் கேமராமேன் பிரமாதம் என்றார். வெளிச்சம் குறைந்துவிட்டது, கோயமுத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தினார். கிளம்பிவிட்டோம். போல்ட் நாலும் என் சட்டைப் பையில் இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலையில் காலண்டர் பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது. நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது மெஷினை நிறுத்தியிருந்தார்கள். வேலுச்சாமி என்று ஒருவர், அமைதியான மனுஷன், ஆறு வருஷமாக அந்த மெஷினில் நிற்பவர். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. துணியெல்லாம் ரத்தம். வலை சுவரோரம் துணிக்கட்டுக்குப் பின்னால் கிடந்ததை யாரோ கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஃபிட்டர் தான் கழற்றவில்லை என்று சத்தியம் செய்தார். அப்படியானால் வேலுச்சாமிதான் கழற்றியிருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. வலை இல்லாவிட்டால் துணியை வேகமாகக் கொடுக்கலாம் என்பதால் மற்ற கம்பெனிகளில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. வேலுச்சாமி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, தான் திங்கட்கிழமை வரும்போதே வலை இல்லை, ஃபிட்டர் எடுத்திருப்பார் என்று நினைத்து ஓட்டியதாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. முதலாளி கெட்டவர் அல்ல, அவரும் நம்பவில்லை. தானே பாதுகாப்பைக் கழற்றியவனுக்கு நஷ்டஈடும் கிடையாது, வேலையும் கிடையாது. ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்து விசாரிக்கப் போகிறார் என்று தகவல் வந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று ஒவ்வொரு நாளையும் தள்ளினேன். இரண்டு குழந்தைகள், வாடகை வீடு, போனால் வேறு வேலை கிடைக்குமா என்ற யோசனை. கூடவே, கேவலமான யோசனை ஒன்றும் இருந்தது. கழற்றியது எனக்கும் கேமராமேனுக்கும் மட்டும்தான் தெரியும். அவரோ இந்த ஊரிலேயே இல்லை. விபத்து நடந்ததே அவருக்குத் தெரியாது.

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. வேலுச்சாமியின் மனைவி ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கம்பெனியில் மனு எழுதத் தெரிந்தவன் நான்தானே. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எழுதினேன். "வலையை நான் கழற்றவில்லை. யார் கழற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது" என்று என் கையெழுத்திலேயே எழுதினேன். வேலுச்சாமி இடது கைப் பெருவிரலால் ரேகை வைத்தார். நல்லாயிருப்பீங்க என்று அந்த அம்மா என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். 

செக்கிங்கம்மா வீடு வேலுச்சாமி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடமும் தன் கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தார் என்று பேக்கிங் பெண்கள் சொன்னார்கள். "நீ கழட்டுனியா?" என்று கேட்டாராம். இல்லீங்க்கா என்றாராம் அவர். திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்துகொண்டு, யாரைப் பார்த்தும் இல்லாமல், "வலை தானா எறங்கி வந்து சுவத்துல சாஞ்சுக்காதுங்க" என்று சொன்னார். நான் அப்போது ஒரு ரசீதோடு பக்கத்தில் நின்றிருந்தேன். அதன் பிறகு அந்த மேசையைத் தாண்டிப் போவதையே விட்டேன். கொல்லைப்புறமாகச் சுற்றி ஆபீசுக்குப் போனேன். முதலாளி கேட்டதற்கு, நடந்தால் உடம்புக்கு நல்லது என்றேன்.

படம் கழுவி, வெட்டி, ஒட்டி, ஒரு மாதம் கழித்து வந்தது. வருகிற புதன்கிழமை இன்ஸ்பெக்டர் விசாரணை என்றால், அதற்கு முந்தைய ஞாயிறு முற்பகல் கம்பெனி குடோனில் படம் போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. ஜன்னலுக்கெல்லாம் சாக்குப் போட்டு மூடினார்கள். சுவரில் நம் கம்பெனிச் சலவைத்துணியையே இரட்டையாக மடித்துக் கட்டினார்கள். ஏஜெண்டுகள் பார்ப்பதற்கு முன் நம் ஆட்கள் பார்த்துக் குறை சொல்ல வேண்டும் என்றார் முதலாளி. குறை சொல்ல அந்தம்மாவைவிட்டால் வேறு யார்? முன்வரிசை பெஞ்சில் நடுவில் அவரை உட்கார வைத்திருந்தார்.

வசனத்தை இன்னும் படத்தில் பதிந்திருக்கவில்லை. படம் ஓட ஓட நான் திரைக்குப் பக்கத்தில் நின்று, டார்ச் லைட்டில் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும். படத்தை நானும் அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். காலண்டர் காட்சியில் உருளையும் துணியும் மட்டும்தான் தெரியும், வலை இருந்ததா இல்லையா என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது என்று என்னை நானே ஒரு மாதமாகத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

ப்ரொஜெக்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. நூல் வந்தது, நிட்டிங் மெஷின் சுற்றியது, நொய்யல் கரையில் துணி காய்ந்தது. ஆட்கள் தங்கள் முகம் வரும்போதெல்லாம் கூச்சத்தோடு சிரித்தார்கள். காலண்டர் வந்தது. துணி பளபளவென்று இறங்கியது. முதலாளி நாக்கைச் சப்புக்கொட்டினார். நான் வாசித்தேன்: "உழைக்கும் கரங்களே எங்கள் செல்வம். அந்தக் கரங்களைக் கண்ணெனக் காப்பது எங்கள் கடமை." விபத்துக்கு முன்னால் நான் பெருமையோடு எழுதிய வரி. குடோனில் யாரோ இருமினார்கள்.

வரி முடிந்தும் அந்தக் காட்சி முடியவில்லை. கேமராவை நிறுத்துவதற்குள் அது லேசாக இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டு நொடி, மிஞ்சினால் மூன்று. சுவரில் சாய்த்த கம்பி வலை. அதன்மேல் ஒரு கை. கையில் ஸ்பானர். மணிக்கட்டில் சதுர டயல் வைத்த வாட்ச். என் கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. அந்தக் கம்பெனியில் சதுர வாட்ச் கட்டியவன் நான் ஒருவன்தான்.

டார்ச் லைட் பிடித்த கையை உடனே முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். வெளிச்சம் என் வேட்டியில் விழுந்தது. அடுத்த வரி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தையல் பிரிவு ஓடிக்கொண்டிருந்தது, நான் பேக்கிங் பற்றி வாசித்தேன். யாரும் கவனிக்கவில்லை. படம் முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள். சாக்கை விலக்கியதும் வெயில் உள்ளே விழுந்தது. நான் முன்வரிசையைப் பார்க்கத் துணியவில்லை.

"அம்மா, நீங்க சொல்லுங்க" என்றார் முதலாளி.

"இன்னொருக்காப் போடச் சொல்லுங்க" என்றார் அவர்.

திரும்பச் சாக்கை மூடினார்கள். ரீலைச் சுற்றி மாட்ட ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷத்தில் ஓடிப்போயிருக்கலாம், தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தேன். படம் இரண்டாம் முறை ஓடியது. நான் மறுபடி வாசித்தேன். காலண்டர் காட்சி வரும்போது திரையைப் பார்க்காமல் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் முகம் நன்றாகத் தெரிந்தது. கண்ணை இமைக்கவில்லை. வலையும் கையும் வந்து போனதும் அவர் திரையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். மிச்சப் படத்தை அவர் பார்க்கவேயில்லை.

முடிந்ததும் எல்லோரும் காப்பிக்கு எழுந்தார்கள். அவர் எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங் தம்பி, இதுல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

கல்கத்தா டைலர் எச்சில் விழுங்கியதைப் பார்த்துச் சிரித்தவன் நான். இப்போது எனக்கு விழுங்குவதற்கு எச்சில்கூட இல்லை.

"ஒண்ணும் இல்லீங்க்கா."

அவர் என் சட்டையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து நூலை எடுத்து ஒரு முழம் அறுத்து, என் சட்டையின் மூன்றாவது பட்டன் துளையில் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். அவர் கை என் நெஞ்சில் படாமல் அதைச் செய்தார். அதைப் பார்த்துவிட்ட முதலாளி பலமாகச் சிரித்தார். கிளார்க் சட்டையிலும் டேமேஜா என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அந்தம்மா. "புதங்கெழமைக்குள்ள சரி பண்ணீருவாருங்க."

திங்கட்கிழமை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகவில்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டு கொல்லைப்புறமாகப் போனேன். அவர் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். அந்தச் சட்டையிலும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு மேசைக்குப் போய்விட்டார். என்னிடம் இருந்ததே மூன்று சட்டை. அன்று சாயந்திரம் என் மனைவி அதைப் பார்த்துவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்தாள். அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். ஏன் என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

அந்தம்மா முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும். இரண்டு நாளும் அவர் போகவில்லை. மேசையில் உட்கார்ந்து பனியனைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும், நான் பேச வேண்டியதில்லை என்றுகூட எனக்குத் தோன்றியது. புதன்கிழமை சொல்லாவிட்டால் அவர் சொல்வார் என்று தெரியும். அப்போது நான் இரண்டு முறை பொய் சொன்னவன்.

புதன்கிழமை முடிச்சுப் போட்ட சட்டையோடேயே போனேன். இன்ஸ்பெக்டர் முதலாளியின் அறையில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வேலுச்சாமி ஸ்டூலில் இருந்தார். நான் எழுதிய மனு மேசைமேல் கிடந்தது. என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். படத்துக்காக வலையை நான்தான் கழற்றினேன், திருப்பி மாட்ட மறந்துவிட்டேன், வேலுச்சாமி மேல் தப்பில்லை.

 வேலுச்சாமி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மறந்துட்டீங்களா சாமி" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

வேலுச்சாமிக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. கேட்டில் உட்கார்கிற வேலை கொடுத்தார்கள். என்னை முதலாளி தனியாகக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாமுங்க தம்பி என்று மரியாதையாகவே சொன்னார். படத்தில் அந்த மூன்று நொடியை வெட்டிவிட்டு ஏஜெண்டுகளுக்குக் காட்டினார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். உழைக்கும் கரங்களைப் பற்றிய என் வரி அப்படியே இருந்ததாம். வேறு யாரோ நல்ல குரலில் வாசித்திருக்கிறார்கள்.

கிளம்பும் முன் வடக்கு ஜன்னல் மேசைக்குப் போனேன். இரண்டாவது சட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன். ஒரு மாதத்தில் முதன்முறையாக அந்த மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் பனியனைக் கீழே வைத்தார்.

"எல்லாஞ் சொல்லீட்டீங்களா?"

"சொல்லிட்டேனுங்க்கா."

"மிச்சம் ஒண்ணுமில்லீங்களே?"

"இல்லீங்க."

நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை எடுத்து, நெஞ்சில் இருந்த முடிச்சை வெட்டினார். காகிதத்தைப் பிரித்து அந்தச் சட்டை முடிச்சையும் வெட்டினார். இரண்டு நூல்துண்டையும் விரலில் சுருட்டி மேசைக்கடியில் இருந்த கூடையில் போட்டார். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். நன்றாக ஒருமுறை என்னைப் பார்க்கட்டும், முகத்தைப் பார்த்தாவது கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு ஆசை. அவர் அதற்குள் அடுத்த பனியனுக்குள் கையை விட்டுவிட்டார்.

"சொன்ன துணியை நான் மறுக்காப் பாக்கறதில்லீங்க" என்றார்.

ஈரோட்டில் ஒரு மண்டியில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். ஏழெட்டு வருஷம் கழித்துத் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் அவரை ஒருமுறை பார்த்தேன். முடி நரைத்திருந்தது. என் சட்டைப் பட்டன்களை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவருடைய பஸ் கிளம்பிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

நான் மறக்கவில்லை. விபத்துக்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை, ஆபீசுக்குப் போவதற்கு முன் காலண்டர் பக்கம் போனேன். வலை நான் சாய்த்த இடத்திலேயே இருந்தது. போல்ட் நாலும் என் பையில் இருந்தன. வேலுச்சாமி துணி கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்க என்று தலையசைத்தார். படம் சரியாக வராவிட்டால் அடுத்த ஞாயிறு மறுபடி எடுக்க வேண்டும் என்று கேமராமேன் சொல்லியிருந்தார். அந்தத் துருப்பிடித்த போல்ட்டை இன்னொரு முறை யார் ஒரு மணி நேரம் கழற்றுவது, ஒரு வாரம் இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். பையில் கையை விட்டு போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அந்தம்மா கையைத் தாண்டி வெளியே போன டேமேஜ் எனக்குத் தெரிந்து இரண்டுதான். ஒன்று கல்கத்தா பார்சல். அது மூன்று வாரத்தில் அவர் மேசைக்கே திரும்பி வந்துவிட்டது. இன்னொன்று நான்.